படகேறும் முன்பே கேட்கவேண்டிய கேள்விகள்

நாள் குறித்த சத்திரசிகிச்சை ஒன்று கடைசி நேரத்தில் பிற்போடப்படுவதற்கான காரணங்களில் பல, முதல்நாள் மாலை விடுதியில்தான் எங்கள் கண்ணில் படுகின்றன. ஆனால் அவற்றில் எதுவும் அன்று மாலை தோன்றியதாக இருக்காது. ஐந்து நாட்களுக்கு முன்பே நிறுத்தியிருக்கவேண்டிய குருதி உறைதலைத் தடுக்கும் குளிசை, மாதக் கணக்கில் கட்டுக்குள் வராத பிறசர், பல வருடங்களுக்கு முன் வேறொரு வைத்தியசாலையில் மயக்கம் தெளியத் தாமதமான கதை, ஆடத் தொடங்கிவிட்ட முன்பல் என்று எல்லாமே நோயாளி வீட்டிலிருந்து புறப்பட முன்னரே அவரோடு இருந்தவைதான். அவற்றைப் பற்றி அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. இலங்கையின் வடக்கில் உள்ள வைத்தியசாலை ஒன்றின் மயக்க மருந்துப் பிரிவில் பணிபுரிபவள் என்ற வகையில், தொலைமருத்துவத்தைப் பற்றி நான் எழுத நினைத்ததும் இதனால்தான். கைப்பேசித் திரையில் நோயாளியைப் பார்த்தால் தூரம் குறைகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கேள்வி கேட்கும் நாள் முன்னுக்கு வருகிறது என்பதே.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவில் இருக்கும் ஒருவர் யாழ்ப்பாண நகரத்துக்கு வரவேண்டுமென்றால் ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் வந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து பண்ணைப் பாலத்தால் நகரத்துக்குள் நுழையவேண்டும். எழுவைதீவு, அனலைதீவு மக்களுக்கு ஊர்காவற்றுறை வழி. காற்று எழும்பி கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு ஓடாது. உயிராபத்தான நோயாளி என்றால் கடற்படையின் படகு வரும்; ஆனால் மூன்று கிழமைக்குப் பிறகு செய்யவிருக்கும் ஹேர்னியா சத்திரசிகிச்சைக்கு முன்னரான மயக்க மருந்துப் பரிசோதனை எந்தக் கணக்கிலும் அவசரம் ஆகாது. எனவே கால் மணிநேரம் பேசுவதற்காக ஒருவர் ஒரு நாளை முழுதாகக் கொடுக்கிறார். திரும்பும் படகைத் தவறவிட்டால் நகரத்தில் உறவினர் வீடொன்றில் தங்குகிறார். கூட வந்தவரின் தொழிலும் அன்று போய்விடுகிறது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் இந்த நிலைமை தீவுகளோடு நிற்கவில்லை. வட்டுக்கோட்டையில் இருந்தவருக்கும் வரணியில் இருந்தவருக்கும் நகரத்து வைத்தியசாலை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அதே பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எங்கள் துறையில் பலர் நாட்டை விட்டுப் போனதும் எல்லோரும் அறிந்ததே. நோயாளிக்கு வருவது கடினமாகவும், பார்ப்பதற்கு இருக்கும் மருத்துவர்களுக்கு நேரம் குறைவாகவும் இருக்கும் நிலையில், கேள்விகள் முதல்நாள் மாலைக்குத் தள்ளப்படுவதில் வியப்பில்லை.

மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியை முன்கூட்டியே பார்க்கவேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் சவுத்என்ட் நகரில் பணியாற்றிய அல்பிரெட் லீ என்ற மருத்துவர் 1949இலேயே, நோயாளி விடுதிக்கு வந்து சேர்வதற்கு முன்னர் மயக்க மருந்து மருத்துவர் அவரை வெளிநோயாளர் கிளினிக்கில் சந்திக்கவேண்டும் என்று எழுதினார். குருதிச்சோகை இருந்தால் அதைச் சரிசெய்யவும், நெஞ்சுச் சளி இருந்தால் அது தீரவும், புகைப்பவர் அதை விடவும் கால அவகாசம் வேண்டும். கட்டிலில் படுத்த பிறகு கண்டுபிடித்தால் அந்த அவகாசம் கிடைக்காது என்பதே அவர் வாதத்தின் சாரம். தொலைமருத்துவம் அந்தப் பழைய வாதத்துக்குக் கிடைத்த ஒரு புதிய கருவி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கருவியைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2004இல் ரொறன்ரோ மருத்துவர்கள், தொலைவில் இருந்த நோயாளரைக் காணொளி வழியாக மயக்க மருந்துக்கு முன் மதிப்பிட்ட மிகச் சிறிய முன்னோடி ஆய்வொன்றை வெளியிட்டார்கள். 2013இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நேரிலும் மற்றப் பிரிவினரைத் திரையிலும் பார்த்து ஒப்பிட்டார்கள். திரையில் பார்த்ததால் மதிப்பீடு பின்தங்கிவிட்டதாகத் தெரியவில்லை. கொவிட் காலத்தில் உலகெங்கும் இது வழக்கமாயிற்று. ஆனால் அந்த ஆய்வுகள் நடந்த இடங்களில் நோயாளியின் பழைய பதிவேடு கணினியில் திறந்திருக்கும். எங்கள் நோயாளியின் பதிவேடு அவர் கையில் இருக்கும் கிளினிக் கொப்பி. அது மழையில் நனைந்திருக்கலாம், இரண்டாவது கொப்பி வாங்கியதும் முதலாவது எங்கோ போயிருக்கலாம். ஆகவே வெளிநாட்டு முறையை அப்படியே எடுத்து வைத்தால் இங்கே சரிவராது.

நாங்கள் சில நோயாளருக்குச் செய்து பார்க்கும் முறையில், நோயாளி வீட்டிலிருந்து தன் கைப்பேசியில் பேசுவதில்லை. தனக்கு அண்மையில் உள்ள பிரதேச வைத்தியசாலைக்கு வருகிறார், அங்கே தாதியொருவர் அவர் பக்கத்தில் இருக்கிறார், நிறை, உயரம், பிறசர், நாடித்துடிப்பு, விரலில் மாட்டும் கருவியால் ஒட்சிசன் அளவு ஆகியவற்றை எடுத்துச் சொல்கிறார், தேவையென்றால் ஈ.சி.ஜி எடுத்துக் கடதாசியைக் காமிராவுக்கு முன் பிடிக்கிறார். இந்தத் தாதியின் கைகளே இந்த முறையின் உயிர். இப்படிப் பெறுவதில் பாதிகூட, அவர் இல்லாமல் வீட்டிலிருந்து பேசும் அழைப்பில் தேறாது என்பது என் உறுதியான கருத்து.

குளிசைகளைப் பார்க்கும் வேளையில் இது நன்றாகத் தெரியும். எங்கள் கிளினிக்குகளில் குளிசைகள் சின்னக் கடதாசி உறைகளில்தான் கிடைக்கின்றன. உறையின் மேல் பெயரும் வேளையும் பேனாவால் எழுதியிருக்கும், சில நாட்களில் அந்த மை அழிந்துவிடும். ஒரு அம்மாவின் பையைத் தாதி மேசையில் கொட்டி, உறைகளை ஒவ்வொன்றாகத் திரைக்கு முன் பிடித்தார்: லொசாட்டன், மெற்போமின், அற்றோவாஸ்ரற்றின், அஸ்பிரின்.

"வேறை குளிசை ஏதும் போடுறனீங்களோ, அம்மா?"

"வேறை ஒண்டும் இல்லைப் பிள்ளை. உதுகள் மட்டுந்தான்."

தாதி பையின் பக்கப் பொக்கற்றுக்குள் கைவிட்டு வெள்ளித்தாள் ஒட்டிய குளிசைக் காட் ஒன்றை எடுத்து, "அப்ப இது என்னம்மா?" என்றார்.

"அது மகன் கனடாவில இருந்து வரேக்கை கொண்டுவந்தது. சீனிக்கு நல்லதாம். அது கிளினிக் மருந்தில்லைத்தானே."

காட்டைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன், எம்பாகிளிபுளோசின். சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றும் அந்த வகை மருந்தைப் பொதுவாகச் சத்திரசிகிச்சைக்கு மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் பட்டினி கிடந்து சத்திரசிகிச்சைக்கு வந்தால், குருதியில் சீனியின் அளவு ஏறாமலேயே கீற்றோன் அமிலங்கள் பெருகி உடல் நிலை குலையலாம். சீனி அளவை மட்டும் பார்ப்பவருக்கு அது பிடிபடவும் மாட்டாது. விடுதியில் முதல்நாள் மாலை இந்தக் காட் வெளிப்பட்டிருந்தால் சத்திரசிகிச்சையைப் பிற்போடுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. வெளிப்படாமலே போயிருந்தால் அதைவிட மோசம். இரண்டு கிழமைக்கு முன் தெரிந்ததால் ஒரு வசனத்தில் தீர்ந்தது: எந்த நாளிலிருந்து எடுக்கக்கூடாது என்று தாதி கொப்பியில் எழுதிக் கொடுத்தார். லொசாட்டனையும் மெற்போமினையும் எப்போது விடவேண்டும், எதைத் தொடர்ந்து எடுக்கவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதியாயிற்று. சித்த வைத்தியரிடம் வாங்கிய சூரணம், அரிஷ்டம் போன்றவற்றையும் இப்படிப் பெயர் சொல்லித்தான் கேட்கவேண்டும். "மருந்து எடுக்கிறீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் அவை பதிலில் வரமாட்டா.

அடுத்தது உடலின் தாங்குசக்தி. பெரிய சத்திரசிகிச்சை ஒன்றின் அழுத்தத்தை இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பதை மருத்துவர் நோயாளியைப் பார்த்தவுடன் ஊகித்துவிடலாம் என்று நெடுங்காலம் நம்பினோம். 2018இல் லான்செற் சஞ்சிகையில் வந்த, 25 வைத்தியசாலைகளில் 1,401 நோயாளரைப் பின்தொடர்ந்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. உடற்தகுதி குறைந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை மட்டுமே மருத்துவர்களின் ஊகம் சரியாக இனங்கண்டது. மாறாக, அன்றாடம் என்னென்ன செய்யமுடிகிறது என்று கேட்கும் 12 கேள்விகள் கொண்ட டியூக் வினாக்கொத்து, யாருக்கு இதயச் சிக்கல் வரக்கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் அதைவிடப் பயன்பட்டது. தொலைமருத்துவத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியாது. நேரில் பார்க்கும் கண் நாம் நினைத்த அளவுக்கு நம்பத்தக்கதாக இல்லை. நன்றாகக் கேட்கப்பட்ட கேள்வியோ கைப்பேசி வழியாகவும் சேதமில்லாமல் போய்ச் சேர்கிறது.

ஆனால் அந்தக் கேள்விகள் அமெரிக்காவில் 1989இல் எழுதப்பட்டவை. மாடிப்படி ஒரு தளம் ஏறுவீர்களா, குன்றில் நடப்பீர்களா, கொல்ப் ஆடுவீர்களா, பனிச்சறுக்குவீர்களா என்று அவை கேட்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் குன்று என்று சொல்லக்கூடியது எங்கே இருக்கிறது? எங்கள் அம்மாமாரில் பலர் வாழ்வது தனித்தள வீடுகளில். மாடி ஏறவேண்டிய தேவை அவர்களுக்கு வருவதே இல்லை. "ஏறமாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் ஏறமுடியாதென்று பொருளா, ஏறுவதற்குப் படியே இல்லையென்று பொருளா என்று தெரியாது. அதனால் நான் வேறு விதமாகக் கேட்கிறேன். கிணற்றில் இருந்து வாளியால் எத்தனை முறை நிறுத்தாமல் அள்ளுவீர்கள், குளிப்பதற்கு நீங்களே அள்ளுகிறீர்களா அல்லது பேத்தி அள்ளித் தருகிறாளா? எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துக் கடைக்குப் போய்வர முடிகிறதா, அல்லது இப்போது உருட்டிக்கொண்டு போகிறீர்களா? வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறும்போது இடையில் வரம்பில் உட்காரவேண்டி வருகிறதா? தேரோடு வீதி சுற்றுவதை எந்த வருடம் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் மிக நுணுக்கமானவை. முழங்கால் நோவால் விட்டவர் வேறு, மூச்சு இரைத்ததால் விட்டவர் வேறு. இரண்டாமவருக்கு எக்கோ எனப்படும் இதய ஸ்கான் பரிசோதனை தேவைப்படலாம். இப்படி மாற்றிக் கேட்டு வரும் பதில்களை அந்த வினாக்கொத்தின் புள்ளிகளாகக் கூட்ட முடியாது. அப்படிக் கூட்டுவது நேர்மையுமல்ல. எங்கள் மண்ணுக்கு ஏற்ற வினாக்கொத்து ஒன்றை முறைப்படி ஆக்கிச் சோதிப்பது இங்கே ஆராய்ச்சி செய்யும் இளையவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல வேலை.

சுவாசப்பாதையை மதிப்பிடுவது திரையில் இயலாது என்று நினைப்பவர்கள் உண்டு. முறையாகச் செய்தால் பெரும்பகுதி இயலும். ஆந்திராவில் பிறந்து பொஸ்ரனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் விவரித்த பரிசோதனைக்குக் கண் மட்டுமே போதும்: நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டவேண்டும், தொண்டையின் பின்பகுதி எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, மயக்கிய பின் சுவாசத்துக்காகத் தொண்டை வழியாகக் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா என்று ஊகிக்கிறோம். திரையில் இதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று வெளிச்சம், நோயாளிக்குப் பின்னால் யன்னல் இருந்தால் வாய் வெறும் இருட்டாகத்தான் தெரியும், ஆகவே அவரை யன்னலைப் பார்த்து உட்காரவைத்து, தாதி பக்கவாட்டில் நின்று ரோச் அடிக்கவேண்டும். மற்றது, வாயைத் திறக்கச் சொன்னதும் நோயாளி பழக்கத்தில் "ஆ" என்று ஒலி எழுப்புவது. அப்போது அண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மென்னண்ணம் மேலெழுந்து, தொண்டை உண்மையில் உள்ளதைவிட விசாலமாகத் தெரியும். சத்தம் போடாமல் திறக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவருடைய மூன்று விரல்களை நிமிர்த்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் வைக்கச் சொல்கிறேன். கழுத்தை அண்ணாந்து, பிறகு குனியச் சொல்கிறேன். பல்செற் இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்கிறேன்.

மூன்று விரல்கள் போகாத வாய்கள் இங்கே குறைவில்லை. பாக்கை ஆண்டுக்கணக்கில் மெல்லுவதால் கன்னத்தின் உட்புறம் வெளிறி, தடித்து, நார் போல இறுகி, வாய் திறக்கும் அளவு மெல்ல மெல்லச் சுருங்கும் நோய் ஒன்று உண்டு. நோயாளி அதை ஒரு நோயாகவே எண்ணியிருக்கமாட்டார். சோற்று உருண்டையைச் சிறிதாக்கிக்கொண்டிருப்பார், உறைப்பு எரிகிறது என்று கறியைக் குறைத்திருப்பார். வழக்கமான முறையில் மயக்கிய பிறகு இப்படிப்பட்ட வாயைச் சந்திப்பது எங்கள் தொழிலில் மிக ஆபத்தான தருணங்களில் ஒன்று. ஏனென்றால் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதில்லை. முன்கூட்டியே தெரிந்தால், விழித்திருக்கும்போதே வளையும் காமிராக் குழாயால் மூக்கு வழியாகச் செல்வதா, முழுதாக மயக்காமல், முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரக்கச்செய்து செய்யக்கூடிய சத்திரசிகிச்சையா, எந்த வைத்தியசாலையில் அதற்கான கருவி இருக்கிறது என்பதெல்லாம் நிதானமாக முடிவெடுக்கலாம்.

திரையால் செய்யமுடியாததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். வால்வு பழுதானால் இதயத்தில் எழும் முணுமுணுப்பை என்னால் கைப்பேசியில் கேட்கமுடியாது. பெருநாடி வால்வு சுருங்கிய முதியவர் ஒருவருக்கு அது தெரியாமல் முதுகில் ஊசி போட்டால், நாளங்கள் விரிந்து பிறசர் சடுதியாக விழும். ஒடுங்கிய வால்வுக்குப் பின்னால் இருக்கும் இதயத்தால் அதை ஈடுசெய்ய முடியாது. நடக்கும்போது நெஞ்சு இறுகியதா, திடீரென மயங்கி விழுந்தீர்களா என்று கேட்பேன். சின்ன வயதில் மாதாமாதம் ஊசி போட்டீர்களா என்றும் கேட்பேன், வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் அந்த ஊசியை மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் கேள்வி ஸ்டெதஸ்கோப்புக்கு ஈடாகாது. அதனால் பிரதேச வைத்தியசாலையின் மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு எழுதிய குறிப்பு இல்லாமல் வயதானவர் எவருடைய மதிப்பீட்டையும் நான் முடித்துவிடுவதில்லை. முன்னைய சத்திரசிகிச்சையில் குழாய் செலுத்தச் சிரமப்பட்டவர், மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்காவது பாரதூரமான விளைவு ஏற்பட்டவர், படுத்தால் மூச்சுமுட்டுபவர் ஆகியோர் படகேறி வரத்தான் வேண்டும். இவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இதில் நான் தளர்வதில்லை.

அந்தரங்கம் பற்றியும் ஒரு கவலை இருக்கிறது. நேரில் என்றால் கதவைச் சாத்திவிடலாம். திரையில் என்னென்றால், நோயாளிக்குப் பின்னால் மருமகன் நிற்பார், இன்னொரு கைப்பேசியில் வட்ஸ்அப் வழியாக ரொறன்ரோவில் இருந்து மகள் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மகள் இருப்பது பல வேளைகளில் பெரும் உதவி. அம்மா மறந்த பழைய சத்திரசிகிச்சையை அவர்தான் நினைவூட்டுவார். ஆனால் சாராயம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று ஒரு ஐயாவிடமோ, மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒரு இளம்பெண்ணிடமோ அவர்கள் முன்னிலையில் கேட்டால் உண்மை வராது. பொய்யான பதில் பதிவாகும், அதை நம்பி நான் மருந்தளவைத் தீர்மானிப்பேன். எனவே அழைப்பின் ஒரு பகுதியில் மற்ற அழைப்பைத் துண்டித்து, எல்லோரையும் வெளியே அனுப்பும்படி தாதியிடம் கேட்கிறேன். ஈ.சி.ஜி படங்களும் கிளினிக் கொப்பியின் பக்கங்களும் மருத்துவர்களின் சொந்தக் கைப்பேசிகளில் சேர்ந்துகொண்டிருப்பதும் சரியான நடைமுறையல்ல. உடல்நலத் தரவுகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கேற்ற வசதியை நாங்கள் இன்னும் உருவாக்கவில்லை.

அழைப்பை முடிக்கும் முன் பட்டினி பற்றிச் சொல்வேன். திட உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணிநேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீருக்கும் பாலில்லாத பிளேன் ரீக்கும் இரண்டு. பால் தேத்தண்ணியைச் சாப்பாடாகக் கணக்கெடுக்காத வீடுகளே அதிகம் என்பதால் அதை இரண்டு முறை சொல்வேன். இன்னொரு பக்கம், பயத்தால் முதல்நாள் மதியத்திலிருந்தே பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் படகில் வந்து சேர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தவுடன் பிறசர் விழுகிறது. தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்வதும் எங்கள் கடமையே.

சத்திரசிகிச்சை நாளின் காலையில் கூடத்தில் நிற்கும் மருத்துவர் நானாக இல்லாமல் இருக்கலாம். அவர் எனது குறிப்பைப் படித்துவிட்டு வாயையும் நெஞ்சையும் மீண்டும் ஒருமுறை தானே பார்க்கவேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத் தொலைமருத்துவம் மிச்சப்படுத்தக்கூடாது. இப்போது நாங்கள் செய்வது, அறிமுகமான தாதி ஒருவர் மற்ற வேலைகளுக்கு இடையில் நேரம் ஒதுக்கித் தருவதால் நடப்பது. அவர் இடம்மாறிப் போனால் நின்றுவிடும். ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் கிழமையில் ஒரு நாள் இரண்டு மணிநேரம், ஒரு தாதி, கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, தொங்கவிட்டு வைத்த ஒரு கைப்பேசித் தாங்கி, இந்தப் பக்கத்தில் அதே நேரத்தில் வேறு வேலை கொடுக்கப்படாத ஒரு மயக்க மருந்து மருத்துவர். இவற்றைப் பணி அட்டவணையில் எழுதிவைப்பதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. எழுதிவைக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இதை வாசித்தால், தீவுகளில் உள்ள வைத்தியசாலைகளிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.